மயிலத்தில் அறுந்த சுருதி

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு ரயில் பாதையில் 40 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று நின்று நின்று போகும் பாசஞ்சரில் முக்கால் மணி நேரம் ஆகும். ஒரு ராகம் தானம் பல்லவியை உட்கார்ந்து கேட்க அதுவே சரியான அளவு. அந்த வண்டியில் தினமும் வேலைக்குப் போய்வந்த ஆண்டுகளில் என் சட்டைப்பையில் தீப்பெட்டி அளவு எம்பி3 பிளேயர் ஒன்று இருக்கும். அதில் ஒரு தோடி இருந்தது. சபாக் கச்சேரியை மேடையிலேயே பதிவுசெய்து வெளியிட்ட சிடியைக் கடையில் கொடுத்து எம்பி3 ஆக்கி வாங்கியது.

பாடகரின் ஆலாபனை ஒரு கோப்பு, வயலின் ஆலாபனை ஒரு கோப்பு, பிறகு தானம், பல்லவி, தனி ஆவர்த்தனம் என்று மொத்தம் ஐந்து. வண்டி மயிலத்தை நெருங்கும்போது பாடகர் ஆலாபனையை முடித்துச் சட்ஜத்தில் வந்து நிற்பார். அவர் நிறுத்திய பிறகும் தம்புரா ஓடும். வயலின்காரர் வில்லை வைத்து அதே சட்ஜத்தைத் தொடும்வரை இரண்டு மூன்று விநாடி தம்புரா மட்டும்தான். முழுக் கச்சேரியிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. சரியாக அந்த இடத்தில்தான் ஒலி அறுந்தது. ‘டக்’ என்று ஒரு வெட்டு, பிறகு மறுபடியும் தம்புரா. கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. ஆனாலும் பாட்டுக்குள் இருந்த என்னை அது ரயில் பெட்டிக்குள் தள்ளிவிட்டது. மறுநாளும் அதே இடம், அதற்கு மறுநாளும் அதே இடம். பிளேயர் மெதுவாக வேலை செய்கிறது, அடுத்த கோப்பைத் திறக்கத் திணறுகிறது என்றுதான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நினைப்பு தவறு என்று முதலில் காட்டியவர் பொறியாளர் அல்ல. திண்டிவனத்தில் திருவிழாக்களுக்கு மைக்செட் கட்டிய ஒரு பெரியவர். விழுப்புரத்தில் பிறந்த சிவாஜி கணேசனின் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வசனத்தை எத்தனையோ ஊர்களில் குழாய் ஒலிபெருக்கியில் ஓடவிட்டவர். என் குறையைச் சொன்னதும் அவர் யோசிக்கவே இல்லை.

“பிளேட்டுல ஒரே கோடுதான் தம்பி. ஊசியை வச்சா உள்ள போயிக்கினே இருக்கும். எந்தப் பாட்டு எங்க முடியுது, எது எங்க ஆரம்பிக்குதுன்னு ஊசிக்குத் தெரியாது. தெரியவும் வேணாம். உங்க பெட்டிக்குத்தான் அது தெரிஞ்சாகணும்போல இருக்கு.”

பிரச்சினை முழுவதும் இந்தப் பேச்சுக்குள் இருக்கிறது. எல்பி இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே சுருள் பள்ளம். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே நாம் பார்க்கும் பளபளப்பான வளையமும் அதே பள்ளம்தான். அங்கே சுருள் அகலமாக விலகி ஓடுகிறது, அவ்வளவே. ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ என்ற 1973ஆம் ஆண்டு இசைத்தட்டில் பிங்க் ஃபிளாய்டு ஒரு பாட்டை இன்னொன்றுக்குள் வடியவிட முடிந்தது இந்தப் பள்ளத்தால்தான். 1982இல் விற்பனைக்கு வந்த சிடியும் இந்தக் குணத்தை விடவில்லை. நடுவிலிருந்து விளிம்பு நோக்கிப் போகும் அதன் சுருளை நீட்டினால் 5 கிலோமீட்டருக்கு மேல் வரும். ‘இரண்டாம் பாட்டு இங்கே தொடங்குகிறது’ என்பது தட்டின் தொடக்கத்தில் உள்ள ஓர் அட்டவணையில் எழுதப்பட்ட குறிப்பு மட்டுமே. லேசர் அங்கே நிற்பதில்லை. கிலோமீட்டர் கல்லைப் பார்த்து ரயில் நிற்காததுபோல.

இந்த ஒரே கோட்டை எம்பி3 துண்டு துண்டாக்குகிறது. ஒவ்வொரு பாட்டும் தனிக் கோப்பு, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உறவில்லை. தனித்தனிச் சினிமாப் பாட்டுகளுக்கு அதனால் நட்டமில்லை. அவை எப்படியும் அமைதியில் தொடங்கி அமைதியில் முடிகின்றன. கர்நாடக இசைப் பதிவு அப்படியல்ல. சபாவில் பாட்டுக்கு நடுவே எப்போதும் ஏதோ ஓர் ஒலி இருக்கிறது: கைதட்டல், மிருதங்கத்தைச் சுருதி சேர்க்கும் தட்டு, எல்லாவற்றுக்கும் அடியில் தம்புரா. இதில் எங்கே கத்தி வைத்தாலும் தம்புராவின் மேல்தான் படும்.

தம்புரா எப்படி ஒலிக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். நான்கு தந்திகள். ஒன்றை மீட்டி அது அடங்குவதற்குள் அடுத்தது, அது அடங்குவதற்குள் அதற்கடுத்தது. தந்திக்கும் குதிரைக்கும் நடுவே செருகிய நூல் ஒவ்வொரு ஒலியையும் நீட்டி, உள்ளிருக்கும் மேல்சுரங்களை அவிழ்த்துவிடுகிறது. ஒன்றின் வால்மேல் இன்னொன்றின் தலை படிவதால், எங்கேயும் விளிம்பு தெரியாத ஓர் ஒலிப்பரப்பு கிடைக்கிறது. விளிம்பே இல்லாத ஒன்றில் விழும் வெட்டைக் காது உடனே பிடித்துவிடும். தொடர்ந்த இரைச்சலின் நடுவே இரண்டு மூன்று மில்லி விநாடி இடைவெளி விட்டாலே மனிதக் காது அதைக் கண்டுகொள்கிறது என்பது செவிப்புலச் சோதனைகளில் நன்கு நிறுவப்பட்ட ஒன்று. மயிலத்தில் எனக்கு விழுந்த வெட்டு அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல்.

அந்த அளவு எங்கிருந்து வந்தது?

சிடியில் ஒலி ஒரு விநாடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு எண்ணாக எழுதப்படுகிறது. ஒவ்வொரு அளவையும் சாம்பிள் என்கிறோம். எம்பி3 இந்த எண்களை ஒவ்வொன்றாகச் சுருக்குவதில்லை. 1,152 சாம்பிள்களை ஒரு கட்டாகக் கட்டி, அந்தக் கட்டில் காதுக்குக் கேட்காத பகுதிகளைக் கழித்துவிட்டு எழுதுகிறது. இந்தக் கட்டுக்கு ஃபிரேம் என்று பெயர். ஒன்றின் நீளம் 26 மில்லி விநாடி. அரைக் கட்டு, கால் கட்டு என்று எழுத எம்பி3இல் வழியில்லை.

திண்டிவனம் கமிட்டிக்கு, அதாவது ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு, மல்லாட்டை (வேர்க்கடலை) கொண்டுபோகும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். மூட்டை நிறைந்திருந்தால்தான் வாங்குவோம் என்று விதி. கடைசி மூட்டைக்குக் கால் பங்குதான் காய் இருக்கிறது. மீதி இடத்தைப் பருப்பில்லாத பொக்கால் நிரப்பித் தைத்துவிடுகிறார். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, ‘இதில் இவ்வளவு பொக்கு’ என்று மூட்டைமேல் எழுதி வைத்திருந்தால். எம்பி3 தரத்தில் அப்படி எழுத இடமே ஒதுக்கவில்லை. கடைசி ஃபிரேமில் மீதியிருக்கும் இடத்தை மென்பொருள் அமைதியால் நிரப்புகிறது. பிளேயர் அந்த அமைதியையும் இசை என்றே எடுத்து வாசிக்கிறது.

இசை தற்செயலாகச் சரியாக ஒரு ஃபிரேமின் முனையில் முடிந்துவிடாதா என்று கேட்கலாம். அரிதாக முடியும். சிடி தன் ஒலியை 588 சாம்பிள் கொண்ட துண்டுகளாக வைத்திருக்கிறது. விநாடிக்கு 75 துண்டு. பாட்டின் எல்லை எப்போதும் இந்தத் துண்டின் முனையில்தான் விழும். 588, 1,152 ஆகிய இரண்டாலும் வகுபடும் மிகச்சிறிய எண் 56,448. அதாவது 96 சிடித் துண்டுக்கு ஒருமுறைதான் இரண்டு அளவுகளும் ஒன்றுகூடும். நூறு பாட்டை மாற்றினால் ஏறத்தாழ ஒன்று தப்பும்.

இது பின்பக்கத்துக் கதை. முன்பக்கத்திலும் ஒரு வெற்றிடம் இருக்கிறது, அதன் காரணம் இதைவிட அழகானது.

கூரை வேயும்போது கீற்றைப் பக்கம் பக்கமாக ஒட்டவைப்பதில்லை. ஒன்றின் மேல் பாதி படியும்படி அடுத்ததை வைக்கிறோம். பக்கம் பக்கமாக வைத்தால் ஒவ்வொரு மூட்டிலும் மழை ஒழுகும். எம்பி3ம் அப்படித்தான் வேய்கிறது. ஒலியை முதலில் 32 அலைவரிசைப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மேலும் 18 ஆகப் பிரித்து, 576 கூறுகளாக்குகிறது. ஒவ்வொரு பகுதியும் அடுத்த பகுதியின் மேல் பாதி படிந்திருக்கும். படிந்த இரண்டையும் கூட்டினால்தான் உண்மையான ஒலி திரும்பக் கிடைக்கும். பாட்டின் நடுவே ஃபிரேமுக்கு ஃபிரேம் மூட்டுத் தெரியாமல் போவது இதனால்தான். தம்புராவின் நான்கு தந்திகள் செய்யும் வேலை இது. ஆனால் கூரையின் விளிம்பில் இருக்கும் முதல் கீற்றுக்கு அடியில் ஏதுமில்லை. அங்கே ஒரு வெறுங்கீற்றை வைத்துத்தான் தொடங்கவேண்டும். பரவலாகப் பயன்படும் லேம் என்ற கட்டற்ற மென்பொருள் அதற்காகப் பாட்டுக்கு முன்னால் 576 சாம்பிள் அமைதியைச் சேர்க்கிறது. கோப்பை விரித்து ஒலியாக்கும் பக்கத்தில் இதேபோன்ற காரணத்தால் இன்னும் 529 சாம்பிள் தள்ளிப்போகிறது.

என் தோடி ஆலாபனைக்கே கணக்குப் போட்டுப் பார்ப்போம். வசதிக்காக அது சரியாகப் பத்து நிமிடம் என்று கொள்வோம். 2,64,60,000 சாம்பிள். முன்னால் 576 அமைதியைச் சேர்த்து மூட்டை கட்டினால் 22,969 ஃபிரேம் நிறைந்து, அடுத்ததில் 288 சாம்பிள் மட்டும் விழும். மீதி 864 பொக்கு. இரண்டு முனையும் சேர்த்து 1,440 சாம்பிள், ஏறத்தாழ 33 மில்லி விநாடி. வயலின் கோப்பின் தொடக்கத்திலும் இதேபோல் ஒரு வெறுங்கீற்று உண்டு. பல கோப்புகளின் தலையில் பாட்டின் நீளம் முதலிய தகவலுக்கென்று ஒரு ஃபிரேம் இருக்கும். அதை அடையாளம் தெரியாத பிளேயர் அதையும் ஓர் ஒலி ஃபிரேமாக வாசித்து, இன்னும் 26 மில்லி விநாடி அமைதியைச் சேர்க்கும். கோப்பைத் திறக்கத் தாமதமாவதெல்லாம் இதற்குமேல் வருவது.

எனவே பிளேயர் எவ்வளவு வேகமாக இருந்தாலும் இந்த அமைதி போகாது. அது கோப்புக்குள்ளேயே இருக்கிறது. 2001 அக்டோபரில் வந்த முதல் ஐபாடில் 32 மெகாபைட் நினைவகம் இருந்தது. ஏறத்தாழ 20 நிமிட இசையை அது முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளும். அடுத்த பாட்டு கையிலேயே காத்திருந்தது, இருந்தும் இடைவெளி விழுந்தது. ஐபாடில் இடைவெளியற்ற வாசிப்பு 2006 செப்டம்பரில்தான் வந்தது. ஐந்து ஆண்டுகளாக உலகத்தின் மிகப் பெயர்பெற்ற இசைக்கருவி ஒரு ராகமாலிகையை முழுதாக வாசிக்கத் தெரியாமல் இருந்தது என்பது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

தீர்வு மிகச் சிறியது. கோப்பின் தலையில் உள்ள அந்தத் தகவல் ஃபிரேமில் லேம் இரண்டு எண்களை எழுதிவைக்கிறது: முன்னால் சேர்த்தது எவ்வளவு, பின்னால் நிரப்பியது எவ்வளவு. எண்ணுக்கு 12 பிட், ஆக மொத்தம் மூன்றே பைட். நம் உதாரணத்தில் 576, 864. இந்த இரண்டையும் படிக்கத் தெரிந்த பிளேயர் முன்னாலும் பின்னாலும் அத்தனை சாம்பிளைக் கழித்துவிட்டு, அடுத்த கோப்பின் முதல் உண்மையான சாம்பிளை ஒட்டிவைக்கும். சிடியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு எண்கள் மறுபடியும் பக்கத்தில் வந்துவிடும். பல மெகாபைட் கோப்பில் மூட்டைமேல் எழுதாமல் விட்ட அந்த மூன்று பைட்டுக்காகத்தான் தினமும் என் சுருதி அறுந்துகொண்டிருந்தது.

பின்னால் வந்த வடிவங்கள் பாடம் கற்றுக்கொண்டன. 2001இல் வெளிவந்த ஃபிளாக் ஒலியில் எதையும் கழிக்காமல் சுருக்குவது. அதன் கடைசி மூட்டை சிறியதாக இருக்கலாம், மொத்தச் சாம்பிள் எத்தனை என்பதும் கோப்பின் தலையிலேயே எழுதப்படுகிறது. ஓபஸ் வடிவத்தில் ‘தொடக்கத்தில் இவ்வளவைத் தள்ளிவிடு’ என்ற எண் தரத்திலேயே கட்டாயம். ஏஏசி இந்தக் குழப்பத்துக்குள் மறுபடி விழுந்தது. ஒரு ஃபிரேமுக்கு 1,024 சாம்பிள். ஆப்பிளின் மென்பொருள் முன்னால் சேர்ப்பது 2,112. அதையும் தனிக் குறிப்பாக எழுதித்தான் சரிசெய்தார்கள்.

பிளேயர் தரப்பிலும் ஒரு கடமை இருக்கிறது. எண்களைப் படித்தால் மட்டும் போதாது. இந்தக் கோப்பு முடிவதற்கு முன்பே அடுத்ததை விரித்துத் தயாராக வைக்கவேண்டும், ஒலி வெளியேறும் பாதையை இடையில் மூடித் திறக்கக்கூடாது. ஸ்வீடன் நிரலாளர்கள் 2001இல் தொடங்கிய ராக்பாக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளைப் பல பழைய பிளேயர்களில் ஏற்றிக்கொள்ளலாம். அது இந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறது. ஆண்ட்ராய்டு 2012இல்தான் அடுத்த பாட்டை முன்கூட்டியே கோத்துவைக்கும் வசதியைச் செயலி எழுதுவோருக்குக் கொடுத்தது. புளூடூத்தை வீணாகக் குறைசொல்ல வேண்டாம். செவிக்கருவிக்குப் போவது ஓயாத ஒரே ஓடை. அதற்குள் பாட்டின் எல்லையே கிடையாது. பிளேயர் அறுக்காமல் கொடுத்தால் அதுவும் அறுக்காமல் கொடுக்கும்.

ஒரு குறுக்குவழியைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். பல செயலிகளில் ‘கிராஸ்ஃபேடு’ என்று ஒரு வசதி இருக்கிறது. ஒரு பாட்டு அடங்கும்போதே அடுத்ததை அதன்மேல் ஏற்றிவிடும். இடைவெளி கேட்காது, உண்மைதான். அந்த அமைதிமேல் வேறு இசையைப் போட்டு மூடுகிறது, அதற்காக இரண்டு பக்கத்திலும் சில விநாடியைத் தின்றுவிடுகிறது. பாடகர் சட்ஜத்தில் நிற்பதும் வயலின் தொடங்குவதும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். பல்லவியின் கடைசி ஆவர்த்தனமும் மிருதங்கத்தின் முதல் சொல்லும் ஒரே நேரத்தில் கேட்டால் தாளம் என்ன ஆகும்? திருமண வீட்டுப் பாட்டுக்கு அது போதும், கச்சேரிக்குக் கூடாது. அதை அணைத்துவையுங்கள்.

மைக்செட் பெரியவரிடம் போய் இதையெல்லாம் சொன்னபோது அவர் ரயிலைப் பற்றிக் கேட்டார். முன்பெல்லாம் வண்டி ‘தடக் தடக்’ என்று ஓடுமே, அந்தச் சத்தம் எங்கே போயிற்று என்று. அதுவும் இடைவெளிதான். 13 மீட்டர் தண்டவாளம் வெயிலில் 40 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் 6 மில்லிமீட்டர் நீளும். அதற்காக இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே இடம் விட்டார்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடும் வண்டிச் சக்கரம் 0.78 விநாடிக்கு ஒருமுறை அந்த இடத்தைத் தாண்டும். இப்போது தண்டவாளங்களை நீளமாகப் பற்றவைத்து, தளைக்கட்டைகளோடு இறுக்கி, சரளைக்கல்லால் நெருக்கிப் பிடித்து, நீளவிடாமல் வைத்திருக்கிறார்கள். ரயிலின் இடைவெளிக்கு வெயில் என்ற காரணம் இருந்தது. “பாட்டுக்கு என்னா வெயிலு?” என்று கேட்டார் அவர். என்னிடம் பதில் இல்லை.

சிடி கையில் இருப்பவர்களுக்கு வேலை எளிது. ஃபிளாக்காக எடுத்துக்கொள்ளுங்கள், இடம் போதாவிட்டால் லேம் கொண்டு எம்பி3 ஆக்கி, அந்தத் தகவல் ஃபிரேமைத் தொடாமல் விடுங்கள். கடையில் நகலெடுத்த சிடியானால் முதலில் அதைக் கேட்டுப்பாருங்கள். பாட்டைத் தனித்தனியாக எழுதும் முறையில் நகலெடுத்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டு விநாடி வெற்றிடம் விழுந்திருக்கும். அதை எந்தப் பிளேயராலும் சரிசெய்ய முடியாது.

என்னிடம் சிடி இல்லை. இரவல் போய்த் திரும்பவில்லை. ஐந்து எம்பி3 கோப்புகள் மட்டும். அவற்றுக்குள் ‘லேம்’ என்ற பெயர் அங்கங்கே தெரிந்தது, ஆனால் தகவல் ஃபிரேமை யாரோ எந்த மென்பொருளிலோ வெட்டி எறிந்திருந்தார்கள். முன்னால் 576 என்பது தெரிந்த எண். பின்னால் எவ்வளவு? பல நாள் அது போனது போனதுதான் என்று விட்டுவைத்திருந்தேன்.

ஒருநாள் விக்கிரவாண்டியில் வண்டி நின்றிருந்தபோது 588 நினைவுக்கு வந்தது. பாட்டின் நீளம் எதுவானாலும் 588ஆல் வகுபட்டே ஆகவேண்டும். லேம் பின்னால் நிரப்புவது 576க்குக் குறையாது, 1,727ஐத் தாண்டாது. அந்த எல்லைக்குள் எத்தனை விடை இருக்க முடியும்? அதிகம் போனால் இரண்டு. நம் பத்து நிமிட ஆலாபனையையே எடுத்துக்கொள்ளுங்கள். 22,970 ஃபிரேம், 2,64,61,440 சாம்பிள். முன்னால் உள்ள 576ஐக் கழித்தால் 2,64,60,864. இதிலிருந்து 864ஐக் கழித்தால் மீதி 588ஆல் வகுபடுகிறது. 1,452ஐக் கழித்தாலும் வகுபடுகிறது. வேறு எந்த எண்ணும் பொருந்தாது. தொலைந்துபோன எண் இந்த இரண்டில் ஒன்று.

அன்று இரவு ஐந்து கோப்புகளையும் கணினியில் விரித்துப் போட்டேன். ஒவ்வொன்றின் தலையிலும் 1,105 சாம்பிளை வெட்டினேன். விரிக்கும்போது எல்லாமே 529 தள்ளிப்போவதால் வாலில் வெட்டவேண்டியது அந்த அளவு குறையும். ஒவ்வொரு மூட்டுக்கும் இரண்டு விடை, இரண்டுக்கும் நடுவே 13 மில்லி விநாடி வித்தியாசம். கணக்கு அதற்குமேல் உதவாது, காதுதான் சொல்லவேண்டும். ஆலாபனைக்கும் வயலினுக்கும் நடுவே சிறிய எண்ணை வைத்துக் கேட்டேன்: சன்னமான ஒரு கொட்டு. பெரிய எண்ணை வைத்தேன். பாடகர் சட்ஜத்தில் நின்றார், தம்புரா நான்கு தந்தியையும் ஒரு சுற்று சுற்றி வந்தது, வில் இறங்கியது. மூட்டு எங்கே என்று திரையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.